நாலு பேர் பணம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வசதி உள்ள சிலரிடம் பணம் திரட்டி, மொத்தமாக முதலீடு செய்யும் தனியார் நிதிகள். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இவற்றை ஏஐஎஃப் என்று சொல்கிறது, 2012-ல் இவற்றுக்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தது. அப்போது பெரிய பணக்காரர்களின் சமாச்சாரமாக இருந்தது. இன்று இந்த நிதிகளுக்கு முதலீட்டாளர்கள் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கும் தொகை 13 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. நிலம் விற்றவர், கம்பெனியில் பங்கு கிடைத்தவர், ஓய்வுபெற்ற டாக்டர் என்று நம் ஊர்க்காரர்களும் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். நான் கம்பெனி செக்ரட்டரி, இந்த நிதிகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் வேலையில்தான் பல வருடம் ஓடியிருக்கிறது. பண விவகாரம் என்பதால் கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். ஐந்து வருடமாகச் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று 14 குடும்பங்களின் பணத்தை ஒரே கணக்கில் போட்டுப் பங்குகள் வாங்கி விற்கிறோம். இப்போது 9 கோடி இருக்கும். லாபத்தில் 15 சதவீதம் எங்களுக்கு. எல்லாம் நம்பிக்கையில் ஓடுகிறது, இதுவரை ஒரு புகார் இல்லை. புதிதாக வந்த ஆடிட்டர், செபி பதிவு இல்லாமல் இதைச் செய்யக்கூடாது என்கிறார். அப்படியா? (கோயம்புத்தூர்)

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. அவரை விட்டுவிடாதீர்கள்.

பலரிடம் தனிப்பட்ட முறையில் பணம் வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, ஒரு திட்டத்தின்படி முதலீடு செய்து, பலனை அவர்களுக்குத் தருவதுதான் ஏஐஎஃப் என்பதற்கு விதிமுறை சொல்லும் இலக்கணம். நீங்கள் செய்வது அப்படியே அதுதான். பெயர்ப்பலகை இல்லை, ஆபீஸ் இல்லை, விளம்பரம் இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. பதிவு இல்லாமல் நடத்தினால் செபி சட்டத்தில் அபராதத்தோடு நிற்பதில்லை, பத்து வருடம் வரை சிறை, 25 கோடி வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவும் வரும்.

"சொந்தக்காரர்கள் பணம்தானே" என்று கேட்பீர்கள். குடும்ப டிரஸ்டுக்கு விலக்கு உண்டு, அது உண்மை. ஆனால் அந்த விலக்கில் 'உறவினர்' என்றால் கம்பெனிச் சட்டம் சொல்லும் உறவினர். கணவன் மனைவி, அப்பா அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அப்புறம் ஒரே இந்து கூட்டுக்குடும்பத்தின் உறுப்பினர்கள். அவ்வளவுதான். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் வரும் மாமா, அத்தை மகன், மச்சினன், சம்பந்தி, இவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா கூட, கூட்டுக்குடும்பக் கணக்கில் இல்லாவிட்டால், வெளியாள்தான். நண்பர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, பதிவு செய்துவிடலாமே என்றால், 9 கோடியில் முடியாது. சாதாரணமாக ஒரு திட்டத்துக்குக் குறைந்தது 20 கோடி சேர வேண்டும். ஒவ்வொரு முதலீட்டாளரும் குறைந்தது 1 கோடி போட வேண்டும். நடத்துபவர்கள் தங்கள் கைப்பணத்தையும் வைக்க வேண்டும். ஏஐஎஃப்பில் மூன்று வகை உண்டு. முதல் இரண்டு வகை நிதிகளில் மொத்தத் தொகையில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, எது குறைவோ அது. பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் மூன்றாம் வகையில் 5 சதவீதம் அல்லது 10 கோடி. "எங்கள் ஃபீஸைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இதைச் சரிக்கட்டவும் முடியாது, ரொக்கமாகப் போட வேண்டும். இன்னொரு வழி பிஎம்எஸ், அதாவது போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் சேவை. அதில் பணத்தைக் கலக்கவே கூடாது, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, ஆளுக்குக் குறைந்தது 50 லட்சம், நடத்தும் கம்பெனிக்கு 5 கோடி நிகர மதிப்பு வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான். இன்றிலிருந்து புதுப்பணம் வாங்காதீர்கள். 14 குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுங்கள், எப்போது எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, இன்றைய மதிப்பு என்ன. அதை வைத்து ஒரு செபி வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசி, பணத்தை எப்படித் திருப்புவது, நடந்ததை எப்படிச் சரிசெய்வது என்று முடிவெடுங்கள். 50 லட்சம் உள்ளவர்கள் பதிவு பெற்ற பிஎம்எஸ்ஸுக்குப் போகட்டும். மற்றவர்களுக்கு மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறது, 10 லட்சம் இருந்தால் மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகள் நடத்தும், 2025-ல் வந்த எஸ்ஐஎஃப் என்ற புது வகை இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த டீமேட் கணக்கு உங்கள் மூவரில் ஒருவர் பெயரில்தானே இருக்கும்? நாளை அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பங்குகள் எல்லாம் நாமினி கைக்குப் போகும். அவருடைய மனைவிக்கு இந்த 14 குடும்பமும் யார் என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். அந்த 14 வீட்டிலும் இருப்பது ஒரு டைரிப் பக்கமோ, ஒரு வாட்ஸ்அப் செய்தியோ. ஐந்து வருட நம்பிக்கை அந்த வாரத்திலேயே கோர்ட் வாசலுக்குப் போய்விடும். உங்கள் நாணயத்தை நான் சந்தேகப்படவில்லை. நல்லவர்கள் நடத்திய கணக்குகள் இப்படி முடிந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: 1 கோடி என்னிடம் இல்லை. நாங்கள் நாலு பங்காளிகள் ஆளுக்கு 25 லட்சம் போட்டு ஒருவர் பெயரில் ஏஐஎஃப்பில் சேரலாமா? (திருப்பூர்)

பதில்: கூடாது. இரண்டு பேர் கூட்டாகச் சேர வழி உண்டு, ஆனால் அது கணவன் மனைவியாகவோ, பெற்றோரும் பிள்ளையுமாகவோ இருக்க வேண்டும். 25 லட்சம் என்ற தொகை விதிமுறையில் இருக்கிறது, அது நிதியை நிர்வகிக்கும் கம்பெனியின் ஊழியர்களுக்கும் டைரக்டர்களுக்கும் உள்ள சலுகை, நமக்கு இல்லை. நாலு பேர் பணத்தை ஒருவர் பெயரில் போட்டால் கேஒய்சியில் 'இது என் பணம், இதன் பலனும் எனக்கே' என்று அவர் பொய்க் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வேண்டாம்.

கேள்வி: சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி) படிப்பை முடித்துவிட்டு மூன்று வருடம் ஒரு லிஸ்டட் கம்பெனியில் இருந்தேன். இப்போது 200 கோடி அளவுள்ள ஒரு இரண்டாம் வகை ஏஐஎஃப்பில் கம்ப்ளையன்ஸ் ஆபீசராகச் சேர்ந்திருக்கிறேன். மொத்தமே எட்டுப் பேர். எனக்கு முன்னால் இந்த வேலையை அக்கவுண்டன்ட் பார்த்திருக்கிறார். முதல் மாதத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. (வேளச்சேரி, சென்னை)

பதில்: வாழ்த்துகள் தம்பி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முதல் வேலைதான் ஞாபகம் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் வாரம் விதிமுறைப் புத்தகத்தைத் திறக்காதீர்கள், உங்கள் நிதியின் பிபிஎம்மைத் திறங்கள். முதலீட்டாளரிடம் பணம் கேட்கும்போது கொடுத்த அந்த ஆவணத்தில்தான் நீங்கள் எதில் போடுவீர்கள், எதில் போட மாட்டீர்கள், ஃபீஸ் எவ்வளவு, செலவை யார் தலையில் கட்டுவீர்கள் என்று எல்லாம் இருக்கிறது. செபி விதி எல்லா நிதிக்கும் பொது. பிபிஎம் உங்கள் நிதி தன் வாயால் கொடுத்த வாக்கு. அதோடு ஒவ்வொரு முதலீட்டாளரோடும் போட்ட ஒப்பந்தத்தையும், தனியாக யாருக்காவது எழுதிக் கொடுத்த சைடு லெட்டரையும் எடுத்துப் படியுங்கள். சைடு லெட்டர்கள் பெரும்பாலும் யாருடைய ஈமெயிலிலோ கிடக்கும். விடாமல் கேட்டு வாங்குங்கள். ஒரு பெரிய முதலீட்டாளருக்கு மட்டும் ஏதாவது சலுகை தந்து, அதன் பாரம் மற்றவர்கள் மேல் விழுந்தால் அது விதிமீறல். 2024 கடைசியில் வந்த திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது, ஒவ்வொரு முதலீட்டிலும் வருகிற பலனிலும் போட்ட பணத்தின் விகிதப்படிதான் எல்லோருக்கும் உரிமை. குறிப்பிட்ட சில விலக்குகள் மட்டும் உண்டு.

இரண்டாவது வாரம், கணக்குப் போடும் வரம்புகள். இங்கே எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2016. நிதியின் பெயர் வேண்டாம். அதுவும் உங்களுடையது போல 200 கோடி, இரண்டாம் வகை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு நிதி மேலாளர் என் மேஜைக்கு வந்தார். ஒரு கம்பெனியில் ஏற்கெனவே 38 கோடி போட்டிருந்தோம், அவர்களுக்கு இன்னும் 10 கோடி உடனே போக வேண்டும், திங்கட்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டுமாம். ஒரே கம்பெனியில் 25 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். 200 கோடியில் 25 சதவீதம் 50 கோடி. 38-உம் 10-உம் 48. சரி, உள்ளேதான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

தப்பு. விதி மொத்தத் தொகையில் 25 சதவீதம் என்று சொல்லவில்லை. முதலீட்டுக்குரிய தொகையில் 25 சதவீதம். அதாவது நிதியின் ஆயுள் முழுக்க ஆகும் நிர்வாகச் செலவு, ஃபீஸ் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவதில். எங்கள் செலவு மதிப்பீடு 24 கோடி. மிச்சம் 176. அதில் 25 சதவீதம் 44 கோடிதான். நாங்கள் 4 கோடி அதிகமாகக் கொடுத்துவிட்டோம். இது தெரிந்தது எப்போது என்றால், மார்ச் முடிந்து ஆண்டு அறிக்கைக்காக ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டு வந்தபோது. அந்த நிமிஷம் வயிற்றில் இறங்கிய குளிர் இன்றும் ஞாபகம் இருக்கிறது. டிரஸ்டியிடம் சொன்னோம், செபிக்கு எழுதினோம், முதலீட்டாளர் ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டோம். அதிகப்படியான பங்கை வேறொருவருக்கு விற்று முடிக்க ஏழு மாதம் ஆயிற்று, விலையும் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது. அந்த நஷ்டத்தை மேலாண்மைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது, முதலீட்டாளர் மேல் போடவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அந்த மேலாளரை இன்றும் மதிக்கிறேன்.

அதனால் உங்கள் எக்செல் ஷீட்டில் முதல் வரியில் மொத்தத் தொகையைப் போடாதீர்கள். செலவு கழித்த தொகையைப் போடுங்கள், செலவு மதிப்பீடு மாறும்போதெல்லாம் அதையும் மாற்றுங்கள். அப்புறம் ஒரு பழக்கம் கொண்டுவாருங்கள்: பணம் வெளியே போகும் முன் உங்கள் கையெழுத்து வேண்டும், அந்தக் காகிதத்தில் கணக்கு முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும், வெறும் 'சரி' போதாது. எழுதும்போதுதான் தப்பு கண்ணில் படும்.

மூன்றாவது, காலண்டர். நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், சிடிஆர் என்கிற கம்ப்ளையன்ஸ் அறிக்கையை டிரஸ்டிக்கும், நிதியைத் தொடங்கிய ஸ்பான்சருக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் ஏதாவது கேட்டால் 15 நாளில் சரிசெய்து தர வேண்டும். பிபிஎம்மில் சொன்னபடி நடந்தீர்களா என்று வருடாவருடம் தணிக்கை, அது செப்டம்பர் 30-க்குள் செபிக்குப் போக வேண்டும். காலாண்டு அறிக்கை தனி. முதலீடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளி மதிப்பீட்டாளரை வைத்து விலை போட வேண்டும், போட்ட பணத்தின் மதிப்பில் 75 சதவீதம் வைத்திருக்கும் முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டால் வருடத்துக்கு ஒருமுறை. அடுத்தடுத்த இரண்டு மதிப்பீட்டுக்கு நடுவில் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, ஒரு நிதியாண்டில் 33 சதவீதத்தைத் தாண்டினாலோ, காரணத்தை முதலீட்டாளருக்குச் சொல்ல வேண்டும். இந்த வரி மேலாளர்களுக்குப் பிடிக்காது. மதிப்பு ஏறினால் சந்தோஷமாகக் கடிதம் எழுதுவார்கள், இறங்கினால் "அடுத்த அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அங்கே நீங்கள் நிற்க வேண்டும்.

டீமேட், பங்குகளைப் பாதுகாத்து வைக்கும் கஸ்டோடியன், கேஒய்சி புதுப்பித்தல், முதலீட்டுக் குழுவில் ஒருவராவது செபியின் பயிற்சி நிறுவனமான நிசம் (என்ஐஎஸ்எம்) நடத்தும் தேர்வு பாஸ் செய்திருக்கிறாரா என்பது, இவையெல்லாம் ஒரு செக்லிஸ்டில் அடங்கிவிடும். பயப்பட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் அந்தக் கம்பெனியின் சம்பளத்தில் இருந்தாலும், தலைமை நிர்வாகி உங்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது என்றுதான் விதி வைத்திருக்கிறார்கள். தவறு கண்டால் நீங்களாகவே செபிக்குத் தெரிவிக்கும் கடமையும் உங்களுக்கு இருக்கிறது. எட்டுப் பேர் உள்ள ஆபீசில், தினமும் ஒன்றாகச் சாப்பிடும் ஆட்களிடம் "இது முடியாது சார்" என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். அதை முதல் மாதத்திலேயே, சின்ன விஷயத்தில், ஒருமுறை சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களே உங்களிடம் முன்கூட்டி வந்து கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சென்னையில் மூன்றாம் வகை நிதி நடத்துகிறார், பதிவு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. யூடியூபில் வந்து "எங்கள் நிதி போன வருடம் 31 சதவீதம் கொடுத்தது, சேர விரும்புபவர்கள் கீழே உள்ள நம்பருக்கு மெசேஜ் செய்யுங்கள்" என்கிறார். தன் திறமையைச் சொல்வதில் என்ன தவறு? (திருச்சி)

பதில்: திறமையைச் சொல்லலாம். சந்தையைப் பற்றிப் பேசலாம், கருத்தரங்கில் வகுப்பு எடுக்கலாம். ஆனால் ஊர் உலகமே பார்க்கும் இடத்தில் 'என் நிதியில் சேருங்கள்' என்று அழைக்கக் கூடாது. ஏஐஎஃப் பணம் திரட்ட ஒரே வழி தனிப்பட்ட முறையில் ஆட்களை அணுகுவதுதான். பொதுமக்களை அழைக்க மாட்டேன் என்று நிதியின் அமைப்பு ஆவணத்திலேயே எழுதித்தான் பதிவு வாங்குகிறார்கள். ஒரு திட்டத்தில் அதிகபட்சம் 1000 முதலீட்டாளர்கள் என்ற வரம்பும் இதே காரணத்துக்காகத்தான். பொதுமக்களிடம் போவதென்றால் மியூச்சுவல் ஃபண்டுக்கு உள்ள அத்தனை கட்டுப்பாடும் வேண்டும், அதிலிருந்து தளர்வு கேட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.

'தனிப்பட்ட முறையில்' என்ற இந்த வார்த்தையை லேசாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு சஹாரா வழக்கு இருக்கிறது. அது ஏஐஎஃப் இல்லை, கடன் பத்திரம். ஆனால் வாதம் இதே வாதம். இரண்டு சஹாரா கம்பெனிகள் சுமார் 3 கோடிப் பேரிடம் பணம் திரட்டிவிட்டு, இது தெரிந்தவர்களிடம் தனிப்பட்ட முறையில் வாங்கியது, செபிக்கு இதில் வேலை இல்லை என்றன. 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 24,000 கோடிக்கு மேல் பணத்தை 15 சதவீத வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது.

உங்கள் ஊர்க்காரர் செய்ததில் இன்னொரு பிசகும் இருக்கிறது. பழைய லாபத்தை எங்கே எடுத்துச் சொன்னாலும், அதே வகை நிதிகளோடு ஒப்பிட்ட பெஞ்ச்மார்க் அறிக்கையையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி. தனக்கு வசதியான ஒரு வருடத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான். 31 என்று கேட்கும்போது பிரமாதமாக இருக்கிறது, மற்றவர்கள் அந்த வருடம் 38 கொடுத்திருந்தால்? அவரிடம் உரிமையோடு சொல்லி அந்த வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள். நல்ல மனிதர் ஒரு வீடியோவுக்காக நோட்டீஸ் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற பேராசிரியர் நான், வயது 67. வீட்டு மனை விற்ற 1 கோடியே 40 லட்சம் வங்கியில் இருக்கிறது. வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் வீட்டுக்கே வந்து, ஒரு ஏஐஎஃப்பில் 1 கோடி போடலாம், இந்த வாரத்தோடு முடிகிறது, 18 சதவீதம் நிச்சயம் என்கிறார். எதை வைத்து நம்புவது? (மதுரை)

பதில்: ஐயா, முதலில் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில், கையில் இருப்பதில் முக்கால் பங்கை இதில் போடாதீர்கள். நிதி நல்லதாகவே இருக்கட்டும். முதல் இரண்டு வகை நிதிகளில் பணம் வருடக்கணக்கில் பூட்டிக்கிடக்கும், ஆஸ்பத்திரி செலவு வந்தால் எடுக்க முடியாது.

அதோடு, "நிச்சயம்" என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையே போதும். எந்த நிதியும் லாபத்தை உறுதி சொல்ல முடியாது, விற்பவரும் சொல்லக் கூடாது. அதை ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்.

எப்படியும் பார்க்க வேண்டும் என்றால், செபி இணையதளத்தில் பதிவு பெற்ற நிதிகளின் பட்டியல் இருக்கிறது. பதிவு எண் ஐஎன், ஏஐஎஃப், அதன் பக்கத்தில் 1, 2 அல்லது 3 என்று வகை எண்ணோடு இருக்கும். நிதியின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். பிபிஎம்மைக் கேளுங்கள், அதில் ஃபீஸ் பக்கத்தையும், நிதிமேல் உள்ள வழக்குகள், பழைய நடவடிக்கைகள் பக்கத்தையும் மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். 1 கோடி என்பது பல நிதிகளில் ஒரே தடவையாகப் போகாது, தவணையாகக் கேட்பார்கள். ஒரு தவணை தவறினால் அபராத வட்டியிலிருந்து பங்கை இழப்பது வரை ஒப்பந்தத்தில் இருக்கலாம், அந்தப் பகுதியை உங்கள் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் படியுங்கள்.

கமிஷன் விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 மே மாதத்திலிருந்து மூன்றாம் வகை நிதிகளில் விற்பவருக்கு முன்பணமாகக் கமிஷன் தரக் கூடாது, வருடாவருடம்தான் தரலாம். மற்ற இரண்டு வகைகளில் மொத்தக் கமிஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை முதலிலேயே தரலாம். அதாவது நீங்கள் கையெழுத்துப் போட்ட உடனே அவருக்கு ஒரு தொகை வரக்கூடும். நடுவில் ஆள் இல்லாமல் நேரடித் திட்டத்தில் சேரும் வழியும் நிதி உங்களுக்குத் தந்தாக வேண்டும், அதைப் பற்றி அவர் சொன்னாரா? ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்கள் இதைப் படித்தால், முதலில் நிதிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் போடுங்கள். 21 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். என்ஆர்ஐ ஏஐஎஃப்பில் சேரலாமா, வரி எப்படி? (துபாய்)

பதில்: சேரலாம், அதே 1 கோடி வரம்புதான், என்ஆர்ஐ கணக்கு வழியாகப் பணம் வர வேண்டும். முதல் இரண்டு வகைகளில், வியாபார வருமானம் தவிர மற்றவற்றுக்கு, நிதி வரி கட்டாது. வருமானம் உங்கள் கையில் வந்து நீங்களே சம்பாதித்தது போலக் கணக்காகும். மூன்றாம் வகைக்கு அந்த ஏற்பாடு இல்லை, பெரும்பாலும் நிதி மட்டத்திலேயே வரி கட்டிவிட்டு மீதியைத் தருவார்கள். எமிரேட்ஸ் வரி ஒப்பந்தச் சலுகை கிடைக்குமா என்பதை உங்கள் குடியிருப்புச் சான்றிதழோடு ஒரு ஆடிட்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: 2015-ல் என் அப்பா ஒரு இரண்டாம் வகை நிதியில் 1 கோடி போட்டார். ஏழு வருடம் என்றார்கள், இரண்டு வருடம் நீட்டித்தார்கள், அப்புறம் கலைப்பு என்றார்கள். இன்னும் 40 லட்சம் மதிப்புள்ள பங்குகள் விற்கவில்லையாம். இப்போது ஒரு படிவம் அனுப்பி, ஒப்புதல் கையெழுத்து கேட்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போடலாமா? (ஈரோடு)

பதில்: இது பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. 2012-க்குப் பிறகு வந்த முதல் தலைமுறை நிதிகள் எல்லாம் வயதாகி முடியும் காலம் இது. வாங்கும்போது யாரும் முடிவைப் பற்றிக் கேட்பதில்லை.

முறை இதுதான். நிதியின் காலத்தை, மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். அதன் பிறகு ஒரு வருடத்தில் விற்று முடித்துப் பணத்தைப் பிரிக்க வேண்டும். அப்படியும் விற்காமல் மிஞ்சினால் என்ன செய்வது என்பதற்கு 2024 ஏப்ரலில் ஒரு வழி கொண்டுவந்தார்கள். மதிப்பில் 75 சதவீதம் பேர் சம்மதித்தால் 'டிஸ்ஸொல்யூஷன் பீரியட்' என்று இன்னொரு காலத்துக்குள் போகலாம், அது நிதியின் முதல் ஆயுளைவிட நீளமாக இருக்கக் கூடாது. உங்கள் அப்பாவின் நிதிக்கு அது ஏழு வருடம் வரை போகலாம், கவனியுங்கள். இன்னொரு வழி, விற்காத பங்குகளையே முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது. அதற்கும் 75 சதவீதச் சம்மதம் வேண்டும். எதற்குமே 75 வராவிட்டால், பங்குகளாகப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். அதை ஒருவர் வாங்க மறுத்தால் அவர் பங்கு கணக்கிலிருந்து நீக்கப்படும்.

பங்காக வாங்குவது நல்லது போலத் தோன்றும். ஆனால் லிஸ்ட் ஆகாத கம்பெனியின் பங்கு அப்பாவின் டீமேட்டில் வந்து உட்கார்ந்தால் அதை யாரிடம் விற்பது? காலத்தை நீட்டினால் மேலாளருக்காவது விற்றுத் தரும் பொறுப்பு இருக்கிறது. அதே சமயம் அந்தக் கம்பெனி இரண்டு வருடத்தில் பங்குச்சந்தைக்கு வரும் நிலையில் இருந்தால் பங்காக வாங்குவதே லாபம். அதனால் படிவத்தை வைத்து முடிவு எடுக்க முடியாது, கம்பெனி எது என்று தெரிய வேண்டும்.

மேலாளருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். மீதி இருக்கும் கம்பெனிகளின் பெயரும் கடைசி மதிப்பீட்டு அறிக்கையும். இந்தப் புதுக் காலத்தில் ஃபீஸ் எடுப்பார்களா, எவ்வளவு. அப்புறம் முக்கியமானது: நீட்டிக்கும் முன், விற்காத முதலீட்டில் குறைந்தது 25 சதவீதத்துக்காவது வெளியே ஒருவரிடம் விலை கேட்டு வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, வெளியேற விரும்புபவர்களுக்கு அந்த விலையில் வெளியேற வாய்ப்பும் தர வேண்டும். அந்த விலை என்ன என்று கேளுங்கள். நிதியின் புத்தகத்தில் 40 லட்சம் என்று இருப்பதற்கு வெளியில் ஒருவர் 15 லட்சம்தான் தருகிறேன் என்றால் உங்களுக்கு நிலைமை புரிந்துவிடும். பதில் எழுத்தில் வரும் வரை அப்பாவைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். படிவத்தில் கடைசித் தேதி இருக்கும், அதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள்.